சாவி கையில் இருந்தவர்கள்: வியன்னா நாட்குறிப்பு

முதல் நாள், செவ்வாய்

மகள் வியன்னாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம் "ரிட்டயர் ஆனதும் வந்துரும்மா" என்பாள். வந்துவிட்டேன். அரண்மனை, இசையரங்கம், டான்யூப் படகு என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள். "அதெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கிடலாம் பிள்ள. முதல்ல அந்த ரெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. 29 வருடம் மனநல வார்டில் நர்ஸாக இருந்த அம்மா வேறு என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

நர்சிங் படிக்கும்போது மனநல சிகிச்சையின் வரலாறு என்று இரண்டே பக்கம் பாடம் இருந்தது. அதில் மங்கலாக அச்சான ஒரு படம்: வட்டமான கட்டடம், கோட்டைச் சுவரில் இருப்பது போல ஒடுக்கமான சன்னல்கள். கீழே 'வியன்னா, 1784' என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் படம் மனதில் தங்கிவிட்டது.

இன்று பயணக் களைப்பு. சாயங்காலம் பழைய பொது மருத்துவமனை வளாகத்தைச் சுற்றி நடந்ததோடு சரி. ஏழைகள் விடுதியாக இருந்த இடத்தை இரண்டாம் யோசப் பேரரசர் மருத்துவமனையாக மாற்றி 1784-ல் திறந்தார். வாசலில் லத்தீனில் எழுதியிருக்கிறது. மகள் போனில் பார்த்து அர்த்தம் சொன்னாள்: நோயாளிகள் குணமாகவும் ஆறுதல் பெறவும். ஆறுதலையும் சேர்த்து எழுதத் தோன்றியிருக்கிறதே என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அது பல்கலைக்கழகம். முற்றத்துக்கு முற்றம் மரங்கள், மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இங்கே இருந்த பிரசவ வார்டில்தான் செம்மல்வைஸ் டாக்டர் 1847-ல், பிணப் பரிசோதனை முடித்து வருகிற டாக்டர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஜன்னி கண்டு சாகிற தாய்மார்களின் எண்ணிக்கை சடசடவெனக் குறைந்தது. அந்த மனிதரைக் கடைசியில் இதே ஊரில் ஒரு மனநல விடுதிக்குள் அடைத்தார்கள். உள்ளே போய் இரண்டே வாரத்தில், காயத்தில் சீழ் வைத்து, 47 வயதில் செத்துப்போனார். கை கழுவும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன் என்று மகளிடம் சொன்னேன். வளாகத்தின் பின்பக்கம், மரங்களுக்கு மேலே, வளைந்த சாம்பல் சுவர் ஒன்று தெரிந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நாள், புதன்

நாரன்டுர்ம். 'பைத்தியக்காரர் கோபுரம்' என்றுதான் அதற்கு நேரான அர்த்தம். கட்டியவர் இசிடோர் கனேவாலே என்ற கட்டடக் கலைஞர். ஐந்து மாடி, மாடிக்கு 28 அறை, மொத்தம் 139 செல். 28-ஐ ஐந்தால் பெருக்கினால் 140 வருகிறதே, ஒன்று எங்கே போயிற்று என்று யோசித்தேன். கீழ்த்தளத்தில் ஆள் உள்ளே வர ஒரு வாசல் வேண்டுமே.

வியன்னாக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'குகல்ஹுப்ஃப்'. நடுவில் குழி விழுந்த வட்டக் கேக்குக்கு இங்கே அந்தப் பெயர். நாளடைவில் மனநல மருத்துவமனை எதையுமே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்களே, அதே கதைதான். என் வார்டிலிருந்து குணமாகி வீட்டுக்குப் போன ஒரு பெண், தெருப் பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டதால் மறுபடி வந்து அட்மிட் ஆனாள். இருநூறு வருடத்துக்கு முந்திய கேலியை இங்கே கேட்டதும் அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் காலத்துக்கு இது புதுமையான காரியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவரை புத்தி பேதலித்தவர்களைப் பிச்சைக்காரர்களோடும் குற்றவாளிகளோடும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார்கள். இவர்கள் நோயாளிகள், இவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் இடம் வேண்டும் என்று ஒரு ராஜா நினைத்துக் கட்டியது இது. 1777-ல் பேரை மாற்றிக்கொண்டு பாரிசுக்குப் போய் அங்குள்ள மருத்துவமனைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். நினைப்பில் குறையில்லை. கட்டடத்தைப் பார்த்தால் மட்டும் சிறைதான்.

உள்ளே போனதும் என் கால் தானாக ரவுண்ட்ஸ் போகிற வேகத்துக்கு வந்துவிட்டது. அறைகள் வெளிச்சுற்றில், நடைபாதை உள்சுற்றில். நடைபாதை வளைந்துகொண்டே போகிறது. ஓரிடத்தில் நின்றால் எதிரே மூன்று நான்கு கதவுதான் தெரியும், மீதியெல்லாம் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நைட் டூட்டி பார்த்தவர்களுக்குப் புரியும், அது எவ்வளவு பெரிய தொல்லை என்று. நீள வார்டு என்றால் மேசையில் உட்கார்ந்தபடியே கடைசிக் கட்டில்வரை கண் போகும். யார் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், யார் போர்வையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். இங்கே யாருக்கு என்ன ஆனாலும் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

வட்டமாகக் கட்டினால் நடுவில் ஒரு காவலாளி நின்று எல்லாரையும் பார்க்கலாம் என்று பின்னால் இங்கிலாந்தில் பெந்தம் ஒரு திட்டம் போட்டார். இந்தக் கோபுரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. நேரில் பார்த்தால் அப்படி இல்லை. நடு முற்றத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு கட்டடம் நிற்கிறது. படிக்கட்டும் காவலர்கள் தங்கும் இடமும் அதில்தான். அங்கே நின்று பார்த்தால் ஒரு செல்லின் உள்ளும் தெரியாது. இந்தக் கட்டடம் நோயாளியைப் பார்க்கவும் இல்லை, பார்க்கவும் விடவில்லை. அடைத்து மட்டும் வைத்தது.

ஒரு செல்லுக்குள் போனேன். சன்னல் கைக்கெட்டாத உயரத்தில் ஒரு கீற்று. வெளிச்சம் எதிர்ச் சுவரில் நாலு விரல் அகலத்துக்கு விழுகிறது. மேகம் வந்தால் அதுவும் இல்லை. கதவு கம்பிக் கதவாக இருந்ததாம், முரண்டு பிடிப்பவர்களைச் சங்கிலியில் கட்டினார்களாம். சுவரில் கை வைத்தேன், ஈரம் கலந்த குளிர்ச்சி. மாடிக்கு 28 என்ற எண் காலையிலிருந்தே மனதுக்குள் எதையோ கிளறிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபோதுதான் பிடிபட்டது. ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் 28 பேர். அன்று டூட்டிக்குப் போய், எங்கள் வார்டில் மூலைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பூட்டு ஒன்றைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

1860-களின் கடைசிவரை இங்கே ஆட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு சாமான் அறை, பட்டறை. கொஞ்ச காலம் இதே அறைகளில் நர்ஸ்கள் குடியிருந்திருக்கிறார்கள். டூட்டி முடித்து வந்து, அந்தக் கீற்றுச் சன்னலுக்குக் கீழே சேலையோ கவுனோ மடித்து வைத்து, படுத்துத் தூங்கியிருப்பார்கள். 1971-லிருந்து நோய்க்கூறு அருங்காட்சியகம். ஐம்பதாயிரம் பொருட்கள் வரை இருக்கின்றன: எலும்புகள், கண்ணாடிக் குடுவைகள், தோல் நோய்களை அச்சு எடுத்தாற்போல் செய்த மெழுகு உருவங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல பொக்கிஷம். எனக்கு அவை போதும் போதும் என்று ஆகிவிட்டது. அந்த ஒரு செல்லைப் பார்த்தபிறகு வேறெதிலும் கண் நிற்கவில்லை.

மூன்றாம் நாள், வியாழன்

48-ஏ பஸ் ஊரின் மேற்கு ஓரம்வரை போய் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. பஸ்ஸிலிருந்தே தெரிகிறது, மரங்களுக்கு மேல் தங்கக் குமிழ். எலுமிச்சையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல் இருப்பதால் இந்தக் குன்றுக்கே 'எலுமிச்சைக் குன்று' என்று செல்லப் பெயராம்.

ஷ்டைன்ஹோஃப். 1907 அக்டோபரில் திறந்தது. அறுபது கட்டடங்கள், 2,200 நோயாளிகளுக்கு இடம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே இவ்வளவு பெரிதாய், இவ்வளவு நவீனமாய் இருந்தவை சொற்பம். பெவிலியன்கள் என்கிற தனித்தனி வார்டுக் கட்டடங்களைக் கார்லோ ஃபான் போக் திட்டமிட்டார். 1902-ல் மவுவர்-ஓலிங்கில் இதே முறையில் ஒரு மருத்துவமனை கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. மொத்த இடத்துக்கும் ஒழுங்கு கொடுத்து வரைந்தவர் ஓட்டோ வாக்னர். வியன்னாவின் நகர ரயில் நிலையங்களைக் கட்டியவரும் அவர்தான். மகள் தினமும் வேலைக்குப் போக ஏறுகிற நிலையமே அவர் கட்டியது.

வாசலில் நிர்வாகக் கட்டடம். அதற்கு நேர் மேலே நோயாளிகளுக்கென்றே கட்டிய நாடக அரங்கம், அதற்கு மேலே சமையல்கூடம், உச்சியில் அந்தத் தங்கக் குமிழ் வைத்த கத்தோலிக்கக் கோயில். இந்த நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். குணமாகக் கூடியவர்களுக்கு ஒரு பகுதி, காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு ஒரு பகுதி, பணம் கட்டுகிறவர்களுக்குச் சகல வசதியோடும் தனிப் பகுதி. கட்டடங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தெற்கு முகமாகச் சரிவில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றித் தோட்டம். சிவப்புச் செங்கல், வராந்தா.

நேற்றைய செல்லிலிருந்து இந்த வராந்தாவுக்கு வர 123 வருடம் ஆகியிருக்கிறது. வெயில், காற்று, தோட்ட வேலை, சனிக்கிழமை நாடகம்: இவையும் மருந்து என்று நம்பியவர்கள் கட்டியது இது. நானும் அதை நம்புகிறவள். பேசவே பேசாத ஒரு பெரியவர் எங்கள் வார்டுத் தோட்டத்தில் கீரை விதைத்து, முளைத்த அன்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு எந்த கேஸ் ஷீட்டிலும் கட்டம் இல்லை.

இப்போது பெவிலியன்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி வருகின்றன. சிலதில் சிகிச்சை நடக்கிறது, சிலதில் சன்னல் பலகை அடித்திருக்கிறது. மேலே பழைய பழத்தோட்ட நிலத்தில் வீடு கட்டப் பார்த்தபோது 1981-ல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் காற்றாடி விடுகிறார்கள். கோயில் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றாள் மகள்.

இறங்கி வரும்போது நாடக அரங்கத்துக்கு முன்னால் புல்வெளியில் வரிசை வரிசையாக ஒல்லிக் கம்பங்கள் நின்றன. ஏதோ நாற்றங்கால் என்று நினைத்தேன். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றின் நுனியிலும் விளக்கு எரிந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இதப் பத்தி நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள்.

நான்காம் நாள், வெள்ளி

772 கம்பங்கள். ஒரு கம்பத்துக்கு ஒரு பிள்ளை. 2003-ல் நட்டபோது தெரிந்திருந்த எண்ணிக்கை அது. இப்போது 789 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். எழுதாமல் விட்டால் கட்டட அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள் ஆகிவிடுவேன்.

1940 கோடையில் நாஜிகள் இந்த மருத்துவமனையிலிருந்து 3,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பஸ்களிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பினார்கள். போன இடம் லின்ட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹார்ட்ஹைம் கோட்டை. அங்கே விஷவாயு அறை வைத்திருந்தார்கள். காலியான பெவிலியன்களில் அதே ஜூலையில் 'ஷ்பீகல்குருண்ட்' என்ற பெயரில் குழந்தைகள் விடுதி திறந்தார்கள். 15-ஆம் பெவிலியனும் 17-ஆம் பெவிலியனும் வார்டுகள். வலிப்பு வருகிற பிள்ளைகள், நடக்க வராத பிள்ளைகள், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள், அடங்காதவர்கள் என்று பேர் எடுத்தவர்கள். பெர்லினுக்கு அறிக்கை போகும். அங்கிருந்து 'சிகிச்சை' என்று பதில் வந்தால், அர்த்தம் கொலை.

ஐந்தாம் பெவிலியனில் இதற்கென்று ஒரு கண்காட்சி இருக்கிறது. ஒவ்வொரு பலகையாகப் படித்தோம். கொடுத்த மருந்தின் பெயரைப் பார்த்ததும் என் காலில் பலம் போய்விட்டது. லூமினால். பீனோபார்பிட்டோன்தான் அது. வலிப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கிற கார்டினால் மாத்திரை. என் கையால் எத்தனை ஆயிரம் தடவை எண்ணி எடுத்திருப்பேன்! அளவாகக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் எந்நேரமும் மயக்கம். பிள்ளை சாப்பிடாது, இருமாது, புரண்டு படுக்காது. நெஞ்சில் சளி கட்டும், மூச்சு ஆழமில்லாமல் போகும். சில நாளில் நிமோனியா. சர்ட்டிபிகேட்டில் நிமோனியா என்று எழுதினால் அது பொய்கூட இல்லை. பெற்றவர்களுக்கு அப்படித்தான் கடிதம் போயிற்று. கூடவே பட்டினி, சன்னலைத் திறந்து வைத்துக் குளிர். நேற்று நான் மெச்சிய அந்தத் தெற்கு முகச் சன்னல்கள்.

டாக்டர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. முதல் தலைவர் யெகேலியுஸ். அடுத்து வந்த இல்லிங்கை 1946-ல் தூக்கிலிட்டார்கள். ஆஸ்பெர்கர் என்ற பெயர் ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆஸ்பெர்கரும் தன் கிளினிக்கிலிருந்து இங்கே பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார் என்பது 2018-ல் ஆவணங்களோடு வெளிவந்தது. நான் நின்று நின்று படித்தது மூன்று பெண்களைப் பற்றி. மூன்று பேருமே நர்ஸ்.

முதலாவது, ஆனா கட்ஷென்கா. இங்கே பொறுப்பு நர்ஸ். மருந்து கொடுத்த கைகளில் அவள் கையும் ஒன்று. 1948-ல் 8 ஆண்டு தண்டனை கிடைத்தது. முழுவதும் அனுபவிக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது, அன்னி வேடல். இதே ஊரில் நர்ஸாக இருந்தவள். அவள் மகன் ஆல்ஃபிரெட் 1934-ல் பிறந்தவன். நடக்கவும் பேசவும் வரவில்லை, குக்கிங் என்ற இடத்திலிருந்த மருத்துவமனையில் வைத்திருந்தாள். 1940-ல் நோயாளிகளைக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் பெர்லினுக்கே ரயிலேறிப் போய் உள்துறை அமைச்சக அதிகாரி முன்னால் நின்றாள். நாஜிகள் ஆட்சியில், ஒரு நர்ஸ், தனியாக. பையனை எங்கோ அனுப்பிவிடாமல் ஷ்பீகல்குருண்டிலாவது வையுங்கள் என்று மன்றாடும் நிலைக்கு அவளைத் தள்ளினார்கள். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தபின் அவள் யெகேலியுஸிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வலிக்காமல் சாகட்டும். சரி என்றான். 1941 பிப்ரவரி 22-ல் பிள்ளை செத்தான். உடலைப் பார்த்தாள். வலியில்லாமல் போன முகமாக அது இல்லை. போர் முடிந்ததும் கோர்ட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாட்சி சொன்னாள்.

மூன்றாவது நர்ஸின் கதை ஃபிரீட்ரிஹ் சாவ்ரெல் கதைக்குள் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பையன். பரம்பரையே சரியில்லை என்று எழுதி இங்கே அடைத்தார்கள். வாந்தி எடுக்க வைக்கிற ஊசி, நாள்கணக்கில் கால் விளங்காமல் போகிற கந்தக ஊசி, தனியறை. ஒரு நர்ஸ் உதவியதால் தப்பி ஓடினான். பிழைத்தான்.

இங்கே வேலை பார்த்த டாக்டர் ஹைன்ரிஹ் குரோஸ், போருக்குப் பிறகு பேர்பெற்ற கோர்ட்டு மனநல நிபுணர் ஆனார். 1975-ல் அரசாங்க விருதும் வாங்கினார். செத்த பிள்ளைகளின் மூளைகளைக் குடுவையில் வைத்துக்கொண்டு பல வருடம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அந்த 1975-ல்தான் திருட்டு வழக்கொன்றில் கைதியாக இருந்த சாவ்ரெலைப் பரிசோதிக்க அதே குரோஸ் வந்து உட்கார்ந்தார். சாவ்ரெல் அடையாளம் கண்டு முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பதிலாக குரோஸ் எழுதிய அறிக்கை சாவ்ரெலை இன்னும் பல வருடம் உள்ளே வைத்தது. பத்திரிகைக்காரர்களும் ஒரு டாக்டரும் பாடுபட்ட பிறகு 1981-ல் விடுதலை. குரோஸ்மீது கொலை வழக்கு 2000-ல் கோர்ட்டுக்கு வந்தபோது, மறதி நோய் என்று சொல்லி விசாரணை நின்றுபோயிற்று. சாவ்ரெல் 2015-ல் சாகும்வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னார்.

எனக்கு அந்த நர்ஸைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அவளும் இடுப்பில் சாவிக் கொத்தோடுதான் நடந்திருப்பாள். கட்ஷென்காவும் அப்படித்தான். மூடிய வார்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சாவியின் கனம் தெரியும். இரும்புக்கு உள்ள கனம் இல்லை அது. ரிட்டயர் ஆன அன்று நான் சாவியை மேசையில் வைத்தபோது, வலது இடுப்பில் ஏதோ ஒன்று குறைந்தாற்போல் பல நாள் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் கதவைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. ஒரு பிள்ளை இரவெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். காலையில் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அந்தத் தட்டல் காதை விட்டுப் போகவில்லை. மகளிடம் இன்றுதான் முதல்முறை சொன்னேன்.

ஐந்தாம் நாள், சனி

71-ஆம் எண் டிராமில் மத்திய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். யாராவது இறந்தால் "71 ஏறிட்டார்" என்று இந்த ஊரில் சொல்வார்களாம். குடுவைகளில் இருந்த பிள்ளைகளின் மிச்சங்களை 2002 ஏப்ரலில் இங்கே 40-ஆம் பகுதியில் அடக்கம் செய்தார்கள். செத்து அறுபது வருடம் கழித்து மண். கல்லில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மெழுகுவத்தி ஏற்றினோம், காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாம் தடவை நின்றது. இன்று வேறெதுவும் எழுத முடியவில்லை.

ஆறாம் நாள், ஞாயிறு

ஷ்டைன்ஹோஃப் கோயில் திறந்திருந்தது.

வெள்ளைப் பளிங்குப் பலகைகள், அவற்றைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் செம்பு முகப்புத் திருகுகள். அவற்றை மறைக்கவே இல்லை. அதுவே அலங்காரமாக இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒத்மார் ஷிம்கோவிட்ஸ் செய்த நான்கு சம்மனசுகள், தலை குனிந்து, தங்க இறக்கைகளோடு. இரண்டு பக்கத்துக் கோபுரங்களிலும் புனிதர்களான லியோபோல்டும் செவரினும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பீடம் கிழக்கு பார்த்து இல்லை. வெளிச்சத்துக்காக வாக்னர் வாசலைத் தெற்கே வைத்து, பீடத்தை வடக்கே கொண்டுபோய்விட்டார்.

உள்ளே ஒரே வெள்ளையும் தங்கமும். வெளியே அவ்வளவு உயரமாகத் தெரிந்த குமிழ் உள்ளே இல்லை. அதற்குள் இன்னொரு தாழ்ந்த கூரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூசை வைக்கிற சாமியாரின் குரல் எதிரொலித்துச் சிதறக் கூடாது, குளிர்காலத்தில் சூடும் மேலே போய்விடக் கூடாது. குரல் சிதறுவது நம் ஆட்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்று எனக்குத் தெரியும். காதுக்குள் ஏற்கெனவே பல குரல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

தளம் வாசலிலிருந்து பீடத்தை நோக்கி லேசாகச் சரிகிறது. பின்னால் இருப்பவருக்கும் பீடம் தெரியும், கழுவித் தண்ணீர் விட்டால் ஓடிவிடும். தீர்த்தத் தொட்டி என்று தேங்கிய தண்ணீர் கிடையாது. மேலிருந்து சொட்டுகிற தண்ணீரில் விரலை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தொட்ட தண்ணீரை அடுத்தவர் தொடுவதில்லை. செம்மல்வைஸ் டாக்டர் கும்பிட்டிருப்பார். பிரசங்க மேடைக்குச் சாமியார் அறை வழியாகத்தான் ஏற முடியும். இரண்டு பக்கமும் அவசர வழிகள். டாக்டருக்கு ஓர் அறை. கழிப்பறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கோயிலுக்குள்!

பெஞ்சுகளைப் பார்த்துத்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். குட்டையான பெஞ்சுகள். நடுவில் இருப்பவருக்கு வலிப்பு வந்தால் இரண்டே எட்டில் நர்ஸ் போய்ச் சேரலாம். மூலைகள் எல்லாம் உருட்டி விட்டிருக்கின்றன. உள்ளங்கையை வைத்துத் தடவினேன். முன் பெஞ்சின் மூலை, என் பெஞ்சின் மூலை, கைப்பிடியின் நுனி. எங்கேயும் கூர் இல்லை. விழுந்தால் எங்கே இடிக்கும், எந்த விளிம்பில் நெற்றி பிளக்கும் என்று ஒவ்வோர் இடமாக யோசித்திருக்கிறார் அந்த மனிதர். எங்கள் வார்டில் இரும்புக் கட்டில் முனைக்குப் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி, பிளாஸ்டர் ஒட்டி வைப்போம். நாங்கள் துணி சுற்றிச் செய்ததை இவர் மரத்தில் செய்திருக்கிறார்.

சன்னல்களின் கண்ணாடி ஓவியங்கள் கோலோமன் மோசர் வரைந்தவை. ஒரு பக்கம் உடலுக்குச் செய்யும் இரக்கச் செயல்கள், மறுபக்கம் ஆன்மாவுக்குச் செய்யும் இரக்கச் செயல்கள். ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த வரிசை: பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், உடுத்த துணி, நோயாளியைப் போய்ப் பார்ப்பது. பீடத்துப் படத்தையும் மோசரே செய்வதாக இருந்தது. கல்யாணத்துக்காக அவர் புராட்டஸ்டாண்டு சபைக்கு மாறியதால் அந்த வேலை கைமாறிவிட்டது. திறப்பு விழாவுக்கு வந்த பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு இந்தக் கோயில் பிடிக்கவே இல்லை. அவர் இந்த பெஞ்சு மூலையைத் தடவிப் பார்த்திருக்க மாட்டார்.

1940-ல் பஸ் ஏறியவர்களில் எத்தனை பேர் முந்தின ஞாயிறு இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்? பெவிலியன் 15 இங்கிருந்து நடக்கிற தூரம். வெயில் இறங்கி, மேற்குச் சன்னலின் நீலமும் பச்சையும் தரையில் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக என் செருப்புவரை வந்தது. மகள் எதுவும் பேசவில்லை. நான் ஜெபமாலையை எடுத்தேன், சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது வேறு யாரும் இல்லை. பார்வை நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் வயதான ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். சாவிக் கொத்து சத்தம் போடாதபடி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். நான் அவசரமாக எழுந்தேன். அவர் தலையசைத்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.